நுரை தள்ளுது சாமி!

நேராக மேட்டருக்கு வந்துவிடுகிறேன். நுரை அழுக்கை எடுக்காது. சோப்புத் தோல் போர்த்திய காற்றுக்குப் பெயர்தான் நுரை. அந்தக் காற்றை 60 வருஷத்துக்கும் மேலாக நமக்கு விற்று வருகிறார்கள். நாமும் "நல்லா நுரைக்குதுங்க" என்று சந்தோஷமாக வாங்கி வருகிறோம். காசு போனால் போகட்டும், அது நம்ம காசு. கூடவே தண்ணீரும் போகிறதே, அது நம்முடையது மட்டும் இல்லை. என் கோபம் அங்கேதான்.

கோபம் இப்போது கிளம்பியதற்குக் காரணம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழு. ராபர்ட்சன்பேட்டை மாமா ஒருவர் போன வாரம் அதில் ஒரு வீடியோ போட்டார். 1990-களில் வாங்கிய முன்கதவு வாஷிங் மெஷின், இன்னும் ஓடுகிறது (அதற்கு ஒரு சல்யூட்). கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை. துணியே தெரியவில்லை. பவுடர் போடும் டிராயர் வழியாகவும் பொங்கி வழிகிறது. பின்னணியில் மாமாவின் குரல்:

"பாருப்பா, இதான் மெஷினு! இப்ப வர்றதுல நுரையே இல்ல. சும்மா தண்ணில முக்கி எடுத்துக் குடுக்குது. எல்லாம் ஏமாத்து வேலை."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கட்டை விரலைத் தூக்கிவிட்டார்கள். "எங்க புது மெஷின்லயும் அப்டித்தான், நான் ரெண்டு ஸ்கூப் சேத்துப் போட்டுடுவேன்" என்றார் சித்தி. "மாமா, அந்த நுரைதான் உங்க துணியக் கெடுக்குது" என்று எழுதினேன். "மஸ்கட்ல உக்காந்து கணக்கு பாக்கறவனுக்கு துணி துவைக்கறதப் பத்தி இன்னா தெரியும்?" என்று பதில் வந்தது.

மாமா, கணக்கு பார்க்கிறவனுக்குத்தான் இது தெரியும். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் அழுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். டிடர்ஜென்டில் இருக்கும் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு சேரும், இன்னொன்று எண்ணெயோடு சேரும். எண்ணெய் முனை துணியில் இருக்கும் பிசுக்கைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் முனை அதை வெளியே இழுத்து வருகிறது. வேலை நடப்பது தண்ணீருக்குள்ளே, நூலுக்கும் பிசுக்குக்கும் நடுவில். பிசுக்கு கிடைக்காத மூலக்கூறுகள் தண்ணீரின் மேற்பரப்பில் போய் நிற்கின்றன. அங்கே காற்றைக் கலக்கினால் நுரை. அதாவது மெஷினில் பொங்கி வழிகிறதே, அதில் பெரும்பகுதி வேலை கிடைக்காமல் வெளியே நிற்கும் கூட்டம். இன்றைய நல்ல பவுடர்களில் ரத்தக்கறை, சாம்பார்க் கறையை உடைக்கும் என்சைம்கள் வேறு இருக்கின்றன. அவை வேலை செய்ய நுரையே வேண்டாம்.

இது நம்மவர்களுக்குப் புதுசும் இல்லை. சீயக்காய் எவ்வளவு நுரைக்கும்? பூந்திக்கொட்டையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் சனிக்கிழமை தலைக்கு வைத்த நல்லெண்ணெயை எடுத்தது எது? வெள்ளாவியில் என்ன நுரை வந்தது? உவர்மண்ணும் ஆவியும்தான். அந்த வெளுப்பை நாம் இன்றைக்கும் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை. வாளியில் கையால் துவைக்கும்போது நுரைக்கு ஒரு உபயோகம் உண்டு. துணி ரொம்ப அழுக்கு, தண்ணீர் உப்பு என்றால் போட்ட பவுடர் எல்லாம் அதிலேயே தீர்ந்து நுரை அடங்கிப்போகும். இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்று கைக்குத் தெரியும். அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். வண்டியில் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறோம், முள்ளா வண்டியை ஓட்டுகிறது? :-)

சரி, மெஷினுக்குள் போவோம். முன்கதவு மெஷின் துவைக்கும் முறை நம்ம துவைகல் முறைதான். டிரம் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கிக்கொண்டு போகின்றன, உச்சியிலிருந்து துணி கீழே 'தொப்' என்று விழுகிறது. அந்த அடிதான் துவைப்பு. இப்போது டிரம் முழுக்க நுரையை நிரப்பிப் பாருங்கள். துணி மெத்தை மேல் விழுகிறது. கல்லில் தலையணை போட்டு வைத்துவிட்டுத் துணியை அடித்தால் எப்படி வெளுக்கும்?

அடுத்த கூத்து, தண்ணீர் வெளியேறும் நேரத்தில். பம்ப் தண்ணீரைத் தள்ளுவதற்குச் செய்யப்பட்டது. நுரை வந்தால் காற்றைக் கடைந்துகொண்டு நிற்கும். டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் நுரை அடைத்துக்கொண்டால் ஸ்பின்னுக்கு வேகம் எடுக்காது. பிழியாத துணியோடு அடுத்த அலசலுக்குப் போகும். தண்ணீர் மட்டம் பார்க்கும் காற்றுக்குழாயில் நுரை ஏறினால் அந்தக் கணக்கும் தப்பும்.

புது மெஷின்களில் பலவற்றுக்கு, நுரை அதிகம் என்று தெரிந்தால் நிறுத்தி நிதானித்து இன்னொரு தடவை அலசும் புத்தி இருக்கிறது. மாமா கொண்டாடும் பழைய மெஷினில் இருப்பது முறுக்கிவிடும் டைமர். நேரமாச்சா, அடுத்த வேலை. உள்ளே நுரை இருக்கிறதா, துணி பிழிந்ததா என்று கேட்கவே கேட்காது. ஆகவே பவுடரை அள்ளிக் கொட்டவே கூடாத மெஷின் என்று ஒன்று இருந்தால், அது பழைய மெஷின்தான்!

'அப்புறம் எப்படி மாமா வீட்டுத் துணி இத்தனை வருஷமாக நன்றாக இருந்தது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பழைய மெஷின்கள் ஒவ்வொரு அலசலுக்கும் தண்ணீரை நிறைய எடுத்து, பல தடவை அலசின. கூடுதல் பவுடர் செய்த கெடுதலைக் கூடுதல் தண்ணீர் சரிக்கட்டியது. பெயர் வாங்கியது நுரை, உழைத்தது தண்ணீர்.

இனி என் ஏரியா. பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானக் கணக்கில் குறையும் நிலுவை முறை ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் மீதி இருப்பதில் ஒரு பங்கு கழியும். சைபருக்கு வரவே வராது, குறைந்துகொண்டே போகும். அலசல் அச்சு அசல் அதேதான்.

உதாரணத்துக்கு, வடித்த பிறகும் துணியில் 5 லிட்டர் சோப்புத் தண்ணீர் ஊறி நிற்கிறது. அலசுவதற்கு உங்களிடம் 40 லிட்டர் இருக்கிறது.

40-ஐயும் ஒரே தடவையில் ஊற்றினால், மொத்தம் 45. வடித்தபின் துணியில் 5. மிச்ச சோப்பு 9-ல் 1 பங்கு, அதாவது 11 சதவீதம்.

20, 20 என்று 2 தடவை அலசினால், ஒவ்வொரு தடவையும் 5-ல் 1. மிச்சம் 25-ல் 1, அதாவது 4 சதவீதம்.

10 லிட்டராக 4 தடவை அலசினால், ஒவ்வொரு தடவையும் 3-ல் 1. மிச்சம் 81-ல் 1, அதாவது 1.2 சதவீதம்.

அதே 40 லிட்டர்தான். பிரித்து ஊற்றினால் 9 மடங்கு சுத்தம்! வட்டிக்கு வட்டி போட்டால் கடன் எப்படி ஏறுமோ, அதே வேகத்தில் இங்கே இறங்குகிறது.

இப்போது நுரையை உள்ளே விடுங்கள். ஸ்பின் ஆகவில்லை, துணியில் 5-க்குப் பதில் 10 லிட்டர் நிற்கிறது. அதே 10 லிட்டராக 4 தடவை ஊற்றினால், ஒவ்வொரு தடவையும் பாதிதான் குறையும். மிச்சம் 16-ல் 1, சுமார் 6 சதவீதம். 1.2 எங்கே, 6 எங்கே! ஆரம்ப நிலுவையே இரட்டிப்பு என்பதை இதில் சேர்க்கவில்லை. வெறும் பவுடரை மட்டும் இரண்டு மடங்கு போட்டு, மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும்கூட, பழைய சுத்தத்துக்கு வர இன்னொரு அலசல் வேண்டும். சித்தி சேர்த்துப் போட்ட ஒரு ஸ்கூப்புக்கு இன்னொரு 10 லிட்டர் அபராதம்.

நிஜத் துணியில் நூலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு, ஆகவே நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். டவல் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கிறதா? சட்டையில் வியர்வை பட்டதும் பழைய பவுடர் வாசனை கிளம்புகிறதா? அதெல்லாம் இந்த நிலுவைப் பாக்கிதான்.

இந்தக் கணக்கைப் படிக்காமலே போட்டவர்கள் எங்கள் ஊரிகத்தில் லைன் வீட்டுப் பெண்கள். தங்கவயலுக்கு சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் 1902-லேயே வந்துவிட்டது, சுரங்கத்துக்காக. தண்ணீர்? பேத்தமங்கலத்துப் பாலாற்று நீர், குழாயில் வரும் நேரத்துக்கு, வரிசையில் வைத்த குடத்துக்கு. சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் புழுதி காயப்போட்ட துணியில் படியும், மறுபடி அலச வேண்டும். அந்த நிலைமையில் அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு கலர், பிறகு சுரங்கத்துக்குப் போட்டுப்போன காக்கி, கடைசியில் மிதியடி. அலசுவதற்கு 3 வாளி. மூன்றாவது வாளியின் சுத்தத் தண்ணீர் அடுத்த ஈட்டுக்கு இரண்டாவது வாளி ஆகும், இரண்டாவது முதலாவது ஆகும். சுத்தமாகிக்கொண்டே போகும் துணிக்கு எதிரே சுத்தமான தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ரசாயன ஆலைகளில் எதிரோட்ட அலசல் என்று இதையே எஞ்சினியர்கள் கட்டிவைக்கிறார்கள்.

அமெரிக்காக்காரனும் இதில் பாதியைச் செய்தான். பழைய மெஷின் சேகரிப்பவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு காலத்தில் சோப்புத் தண்ணீரைச் சேமிக்கும் வசதியோடு மெஷின்கள் வந்தன. முதல் ஈட்டுத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஈட்டுக்குத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1937-ல் பெண்டிக்ஸ் கம்பெனி வீட்டுக்கான முன்கதவு ஆட்டோமேட்டிக்கைக் காட்டியது. இந்த வகை மெஷினுக்கு நுரை ஆகாது என்று சீக்கிரமே புரிந்துபோய், 1940, 50-களிலேயே குறைந்த நுரை டிடர்ஜென்ட் தனியாகத் தயாரித்து விற்றார்கள். நமக்கு 1990-களில் மெஷின் வந்தது. அந்த அறிவு சேர்ந்து வரவில்லை.

ஏன் வரவில்லை? நுரை விற்றது, அதனால்தான். சர்ஃப் இந்தியாவுக்கு 1959-ல் வந்தது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் ஆரம்பித்த நிர்மா, மலிவு விலையில் பவுடரை ஏழைகள் வீட்டுக்கும் கொண்டுவந்தது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எந்த பிராண்டாக இருந்தாலும் டிவியில் காட்டியது என்ன? ஒரு சிட்டிகை பவுடர், ஒரு வாளி நுரை. அழுக்கு போவதை 30 வினாடியில் படம் பிடிக்க முடியாது, நுரை பொங்குவதைப் பிடிக்கலாம்.

கம்பெனிகளுக்கு உண்மை தெரியாதா? நன்றாகவே தெரியும். 2000-களின் முன்பாதியில் ஷபானா ஆஸ்மி வந்து தினமும் 2 வாளித் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொன்ன சர்ஃப் எக்ஸெல் விளம்பரம் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நுரையைக் குறைத்த பவுடர் அது. நுரை குறைந்தால் 2 வாளி மிச்சம் என்று விற்றவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் நுரை பொங்கும் பாக்கெட் ஒவ்வொன்றும் அந்த 2 வாளியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு கையால் நுரையை விற்று, மறு கையால் நுரையை அடக்கும் 'மெஷின் ஸ்பெஷல்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வியாபாரம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல!

இத்தோடு முடிந்தால் 'அவரவர் துணி அவரவர் பாடு' என்று விட்டுவிடலாம். முடியவில்லை. அலசிய தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியைக் கேளுங்கள். 2015-ல் அந்த நுரை மலை மலையாக எழுந்து ரோட்டுக்கு வந்ததை உலகமே பார்த்தது. சாக்கடையோடு வரும் டிடர்ஜென்ட், காற்றில்லாத ஏரி அடியில் முழுக்கச் சிதையாமல் சேற்றில் ஒட்டிக் கிடக்கிறது, பெருமழை வந்து கலக்கி மதகில் விழும்போது மொத்தமாகப் பொங்குகிறது என்று இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெளியேறும் தண்ணீரில் நுரை பறக்கிறது என்று நம் பேப்பர்களில் வருவது அதனால்தான். மெஷின் பெங்களூரில், நுரை தமிழ்நாட்டு வயலில்.

எங்கள் மாவட்டத்துக்கும் பங்கு வந்தது. பெங்களூர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து, நாளுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் பக்கத்து வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் கே.சி. வேலி திட்டம் 2018 ஜூனில் தண்ணீர் விட ஆரம்பித்தது. அடுத்த மாதமே முதல் ஏரியான லட்சுமிசாகரத்தில் நுரை! விவகாரம் ஹைகோர்ட் போய், பிறகு சுப்ரீம் கோர்ட் வரை போனது. திட்டம் தொடர்ந்தது. ஏரி நிரம்பியது, போர்வெல்லில் நீர் ஏறியது என்று சந்தோஷப்பட்ட விவசாயிகள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள் எங்கள் சனங்கள். உழைப்பை அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஊர் துணி அலசிய தண்ணீரைப் பதிலுக்கு எங்கள் மாவட்டம் வாங்கிக்கொள்கிறது. அதையாவது நுரையில்லாமல் கொடுங்கள் சாமி!

இதைச் சரிசெய்ய முடியாதா? ஜெர்மனியில் 1950-களில் ஆறுகளில் இதே மாதிரி நுரை மலை. 1961-ல் சட்டம் போட்டு, 1964 முதல் எளிதில் சிதையும் டிடர்ஜென்ட் மட்டும் என்று ஆக்கினார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் 1965-ல் மாறின. ஆனால் அந்தச் சிதையும் வகைக்கும் காற்றும் நேரமும் வேண்டும், அதாவது ஒழுங்கான சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். சாக்கடையை நேராக ஏரியில் விட்டால் எந்த வகையும் சிதையாமல் நிற்கும் என்பதற்குத்தான் பெல்லந்தூர் சாட்சி.

ஆகவே நான் கேட்பது மூன்று.

ஒன்று, பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கிராம் கணக்கு வேண்டும். இத்தனை கிலோ துணி, உப்புத் தண்ணீரானால் இத்தனை கிராம், மென்தண்ணீரானால் இத்தனை கிராம் என்று. 'ஒரு ஸ்கூப்' என்பது அளவே இல்லை. போர்வெல் தண்ணீர் பிடிக்கும் எங்கள் ஊருக்கும், கடல்நீரில் உப்பெடுத்த தண்ணீர் வரும் மஸ்கட்டுக்கும் ஒரே ஸ்கூப்பா? லோன் கொடுக்கும்போது வட்டியை எங்களைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்கள் அல்லவா, அதேபோல.

இரண்டு, மெஷின் விற்கும்போது கூடவே ஒரு மூட்டை பவுடரை இலவசமாகக் கொடுத்து 'தாராளமா போடுங்க மேடம்' என்று சொல்வதை நிறுத்துங்கள். பெங்களூரில் என் தங்கை வீட்டுக்கு மெஷின் மாட்ட வந்த தம்பி சொன்ன ஒரே அறிவுரை இதுதான்.

மூன்று, மாநகராட்சிகள். எல்லாப் பழியையும் சித்தியின் ஸ்கூப் மேல் போட்டுவிட்டு அவர்கள் தப்பிக்கக் கூடாது. யமுனையில் நுரை என்றதும் 2021 ஜூனில் தில்லி அரசு தரத்துக்கு ஒத்துவராத சோப்பு, டிடர்ஜென்டுக்குத் தடை என்று அறிவித்தது. தடை சுலபம், சாக்கடையைச் சுத்திகரிப்பதுதான் கஷ்டம். வரி வாங்குவது அந்தக் கஷ்டத்துக்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் நம்பாதவர்களுக்கு ஒரு பரீட்சை. துவைத்து மடித்து வைத்திருக்கும் டவல்களை எடுங்கள். மெஷினில் போடுங்கள். பவுடர் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், வெறும் தண்ணீரில் ஓடவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியில் பாருங்கள். நுரை தெரிகிறதா? 'சுத்தம்' என்று நினைத்து இத்தனை நாள் முகம் துடைத்தது அதில்தான்.

மாமாவுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. :-)

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. எந்த பவுடர் கம்பெனியும் காசு கொடுக்கவில்லை. கூடுதல் பவுடரை நிறுத்திய முதல் சில வாரங்களுக்குப் பழைய துணிகளிலிருந்து பாக்கி நுரை வந்துகொண்டேதான் இருக்கும். பயந்துபோய் மறுபடி ஸ்கூப்பைத் தூக்காதீர்கள். வாராக்கடன் வசூலாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.